பளபளப்பும் வேண்டாம், சொரசொரப்பும் வேண்டாம்: தக்கலைக் கல்யாணப் படத்துக்குத் தாள் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. முன்னறைச் சுவரில், உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, மூன்று படங்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இடது பக்கம் பாட்டாவும் பாட்டியும் நாற்காலியில். வலது பக்கம் ஒரு குடும்பப் படம். நடுவில் 1968இல் நடந்த கல்யாணத்தின் படம். மூன்றுமே 10×12 அங்குல பிளாக் அண்ட் ஒயிட் பிரிண்ட்கள். அந்த நடுப்படத்தைக் கரையான் தின்றுவிட்டது. சட்டத்தின் பின்பலகை வழியாக ஏறி, மாப்பிள்ளையின் முகத்தில் பாதியையும் பெண்ணின் தோளையும் கொண்டுபோயிருந்தது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. படத்தில் இருப்பது அவருடைய அம்மாவும் அப்பாவும். நான் நாகர்கோவில் வடசேரியில் பழைய படங்களைச் சரிசெய்து பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். "அந்த எடம் சும்மா கெடக்கப்பிடாது தம்பி. மத்த ரெண்டு படத்துக்க நடுவுல இதுவும் பழைய மாதிரியே இருக்கணும்" என்றார் அக்கா. கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. முடிக்க ஏழு வாரம் ஆனது. இந்த வேலை செய்கிற மற்றவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை முழுவதும் எழுதி வைக்கிறேன்.

படம் கிடைத்ததில் சிக்கல் இல்லை. குளச்சலில் இருக்கும் அவருடைய சித்தியின் ஆல்பத்தில் அதே படத்தின் போஸ்ட்கார்டு சைஸ் பிரதி இருந்தது, கண்ணாடி போன்ற கிளாஸியில், ஓரம் பல்பல்லாக வெட்டியது. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். கீறல், பூஞ்சைப் புள்ளி எல்லாம் நீக்க இரண்டு நாள். நெகட்டிவ் கிடைத்திருந்தால் நிஜமான இருட்டறைப் பிரிண்ட்டே போட முயன்றிருக்கலாம், இல்ஃபோர்ட் நிறுவனத்தின் மல்டிகிரேட் ஃபைபர் தாள் (பிளாஸ்டிக் பூசாத பழைய வகை) இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் எடுத்த ஸ்டுடியோவை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது, நெகட்டிவும் போய்விட்டது.

முதல் பிரிண்ட்

கடையில் அப்போது இருந்தது ஆறு வண்ண டை (கரைந்த சாயம்) மை டேங்க் பிரிண்டர். தாள் ஆர்.சி. கிளாஸி, அதாவது பாலிதீன் பூசிய பளபளப்புத் தாள், 270 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 270 கிராம்). பாஸ்போர்ட் படம் முதல் பிறந்தநாள் பேனர் மாதிரி வரை அதில்தான் ஓடும். கல்யாணப் படத்தையும் அதில்தான் போட்டு, சட்டத்தில் வைத்து, தக்கலைக்குக் கொண்டுபோய் மாட்டினேன்.

மாட்டிய அடுத்த நிமிடமே தவறு தெரிந்துவிட்டது. எதிர்ச்சுவரின் டியூப் லைட் அந்தப் படத்தில் ஒரு வெள்ளைக் கம்பியாக நின்றது. பக்கத்துப் படங்களின் கண்ணாடியிலும் அதே கம்பி விழுந்தது, ஆனால் இதில் கண்ணாடிக்குள்ளே தாளிலும் இன்னொரு கம்பி. வெள்ளைச் சட்டை நீலம் பாரித்திருந்தது, நிழல்கள் பச்சை அடித்தன. "இது பிளாஸ்டிக்குல்லா தம்பி. அப்பாவுக்க தலைமுடி இப்படியா இருக்கும்?" என்றார் அக்கா. அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கியது. கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பச்சை அடித்ததற்குக் காரணம் எளிது. அந்த மாதிரிப் பிரிண்டரில் கறுப்பு மை ஒன்றே ஒன்று. இடைப்பட்ட சாம்பல் எல்லாம் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து உருவாக்குவது. அந்தக் கலவையில் ஒன்று கொஞ்சம் கூடினாலும் சாம்பல் நிறம் மாறும். கடை விளக்கில் சரியாக இருந்தது வீட்டு விளக்கில் வேறாகத் தெரியும். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, தாளைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

பழசைக் கழற்றிப் பார்த்தது

அடுத்த முறை போனபோது பாட்டா படத்தைச் சட்டத்திலிருந்து கழற்ற அனுமதி கேட்டேன். நம் மாவட்டத்தில் இதைப் பயத்தோடுதான் செய்ய வேண்டும். தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் வாங்குகிற ஊர். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். நல்லவேளையாக இதில் ஒரு மூலை மட்டும்தான் ஒட்டியிருந்தது, அந்த மூலையை விட்டுவிட்டு மீதியைத் தூக்கிப் பார்த்தேன்.

போன் டார்ச்சைத் தாளுக்கு இணையாகப் படுக்க வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி செய்தேன். மேற்பரப்பில் முட்டை ஓட்டில் இருப்பது போன்ற மிக நுண்ணிய மேடுபள்ளம், ஒழுங்கான வடிவம் எதுவும் இல்லாதது. நேராகப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது, ஒரு மெல்லிய மினுமினுப்பு மட்டும் இருக்கும். படத்தின் வெளிச்சமான இடங்களில் தாளின் நிறம் பச்சரிசிச் சாதம் போல லேசான கிரீம். கறுப்பு சுத்தக் கறுப்பு இல்லை, கொஞ்சம் பழுப்பு சாய்ந்தது. ஓரத்தில் இருண்ட பகுதிகளில் வெள்ளி படர்ந்து, சாய்த்தால் கண்ணாடி போல மின்னியது.

கடையில் கள்ளநோட்டு பார்க்கிற புறஊதா விளக்கு ஒன்று உண்டு. அதையும் கொண்டுபோயிருந்தேன். விளக்கின் அடியில் என் ஆர்.சி. பிரிண்ட் நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. பாட்டா படம் அப்படியே மங்கிக் கிடந்தது. தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் பிரகாசமூட்டி ரசாயனம்தான் அப்படி ஒளிர்வது. பகல் வெளிச்சத்திலும் கொஞ்சம் புறஊதாக் கதிர் கலந்திருப்பதால், ஜன்னல் ஓரம் மாட்டினால் சட்டை நீலம் பாரிக்கும். சட்டை நீலமாகத் தெரிந்ததில் பாதிப் பழி தாளுடையது.

தாள் உள்ளுக்குள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை எனக்கு விளக்கியவர், ஒருகாலத்தில் இருட்டறையில் வேலை பார்த்த குளச்சல் அண்ணாச்சி ஒருவர். பழைய ஃபைபர் தாளில் அடியில் நிஜக் காகிதம், அதற்கு மேல் பேரியம் சல்பேட்டை ஜெலட்டினில் குழைத்துப் பூசிய வெள்ளைப் பூச்சு. அதைத்தான் பரைட்டா என்பார்கள். அதற்கும் மேலேதான் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின். படம் உருவாவது அந்தக் கண்ணாடி போன்ற ஜெலட்டினுக்குள். வெளிச்சம் ஜெலட்டினுக்குள் போய், வெள்ளைப் பூச்சில் பட்டுத் திரும்பி வருகிறது. அதனால்தான் கறுப்புக்கு ஓர் ஆழம். பின்னால் வந்த ஆர்.சி. தாளில் காகிதத்தின் இரு பக்கமும் பாலிதீன் பூச்சு. சீக்கிரம் கழுவலாம், சீக்கிரம் காயும், தட்டையாக நிற்கும். ஸ்டுடியோக்காரர்களுக்கு அது பெரிய வசதி, ஆனால் அந்த மேல்தோலின் குணம் போய்விட்டது.

அண்ணாச்சி சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குத் திறவுகோல். கிளாஸி ஃபைபர் தாளை ஈரத்தோடு குரோமியம் பூசிய தகட்டில் முகம் பதித்து, சூட்டில் காயவைத்தால் கண்ணாடி போல மின்னும். அது கிளேசிங். சித்தியின் ஆல்பத்தில் இருந்த சின்னப் பிரதி அப்படிப்பட்டது. அதே தாளைக் கிளேசிங் செய்யாமல் காற்றில் காயவிட்டால், அடியில் இருக்கும் காகித நார் எப்படிச் சுருங்குகிறதோ அப்படியே ஜெலட்டினும் மெல்ல நெளிந்து காயும். "அந்த மினுக்கம் மெஷின்ல அடிச்ச டிசைன் இல்ல மக்கா. காயும்போது தானா வாறது" என்றார் அவர். இதற்கு வெளியே, மில்லிலேயே நுண்பரு வைத்த செமி மேட் தாள்களும் இருந்தன. பாட்டா படம் அந்த வகை என்று தொட்டுப் பார்த்தே சொன்னார்.

தாள்கள்

நாகர்கோவிலில் கேட்டால் எல்லாக் கடையிலும் ஒரே பதில், 'டெக்ஸ்சர் பேப்பர் வேணுமா, இருக்கு.' எடுத்துக் காட்டுவது சில்க், லினன், 3டி. மூன்றும் ஆர்.சி. தாளின் மேல் உருளையால் அழுத்திய வடிவம். வாங்கிப் போட்டுப் பார்த்தேன். லினனில் பாட்டியின் முகத்தில் கொசுவலை போர்த்தியது போல இருந்தது. கட்டம் கட்டமாக, ஒரே இடைவெளியில், கன்னத்திலும் சேலையிலும் சுவரிலும் ஒரே மாதிரி. இப்படிப்பட்ட தாள் பழைய காலத்திலும் உண்டு என்பது உண்மைதான். எண்பதுகளில் வந்த கலர் பிரிண்ட்கள் பலவற்றில் தேனடை போன்ற சில்க் வடிவம் இருக்கும், இன்று அவற்றை ஸ்கேன் செய்யும்போது ஒவ்வொரு குழியும் ஒரு புள்ளியாக விழுந்து உயிரை எடுக்கும். பழைய போட்டோ என்றால் சொரசொரப்பு என்று பலர் நினைப்பது அந்த நினைவில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வீட்டின் பிளாக் அண்ட் ஒயிட் படங்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அப்புறம் சென்னையிலிருந்து ஃபைன் ஆர்ட் தாள்களின் மாதிரி ஷீட்கள் வரவழைத்தேன். விலை, ஆர்.சி. தாளைப் போலப் பல மடங்கு. ஆகையால் ஒவ்வொரு ஷீட்டையும் நான்காக வெட்டி, மணப்பெண்ணின் முகமும் மாப்பிள்ளையின் தலைமுடியும் வருகிற ஒரே துண்டை எல்லாவற்றிலும் போட்டேன். அந்த முடிதான் என் அளவுகோல். எண்ணெய் தேய்த்து வாரியது, கறுப்புக்குள் இன்னும் மூன்று வகைக் கறுப்பு இருக்கிறது. நல்ல தாளில் வகிடு தெரியும், மோசமான தாளில் முடி ஒரு மைக்கறையாகிவிடும்.

முதலில் மனம் போனது ஹானமூலே நிறுவனத்தின் வில்லியம் டர்னர் தாள் மீது. பருத்தித் தாள், கையால் செய்தது போல நல்ல மேடுபள்ளம், தொட்டால் விட மனம் வராது. வாட்டர்கலர் ஓவியத்துக்கு அதைப் போல ஒன்று இல்லை. ஆனால் மேட் தாள் எதுவாக இருந்தாலும் மேற்பரப்பில் பட்ட வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். மேட் தாளில் கறுப்பின் அடர்த்தி பொதுவாக 1.6 அல்லது 1.7ஐத் தாண்டாது. பரைட்டா வகைத் தாளில் 2.2க்கும் மேலே போகலாம். எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம். ஆனால் அடர்த்தி 0.3 கூடினால் திரும்பி வரும் வெளிச்சம் பாதியாகிறது. 0.6 என்றால் நான்கில் ஒரு பங்கு. மேட் தாளில் மாப்பிள்ளையின் முடி கரித்தூள் பூசியது போல இருந்தது.

மீதி இருந்தவை மூன்று. இல்ஃபோர்டின் கோல்டு ஃபைபர் சில்க், 310 ஜிஎஸ்எம். பெயரில் சில்க் இருந்தாலும் நம் கடைகளில் கிடைக்கும் சில்க் அச்சு அதில் கிடையாது, இது நிஜமாகவே பரைட்டா பூசிய தாள். ஹானமூலேயின் போட்டோ ராக் பரைட்டா, 315 ஜிஎஸ்எம், முழுப் பருத்தி. கான்சனின் பிளாட்டீன் ஃபைபர் ராக், 310 ஜிஎஸ்எம், இதுவும் முழுப் பருத்தி, பிரகாசமூட்டி சேர்க்காதது. மூன்றிலும் வகிடு தெரிந்தது. மூன்றிலும் டார்ச்சைப் படுக்க வைத்தால் ஒழுங்கற்ற மெல்லிய நெளிவு, அண்ணாச்சி சொன்ன அதே 'தானா வாற' மினுக்கம். அன்று கடையை அடைத்துவிட்டு இரவு வெகுநேரம் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

துண்டுகளைப் பெயர் சொல்லாமல் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் முதலில் படத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு மூலையில் பிடித்துக் காதருகே ஆட்டினார். ஆர்.சி. துண்டு எக்ஸ்ரே பிலிம் போல படபடவென்றது, தனியே வைத்துவிட்டார். பிறகு பின்பக்கத்தை விரலால் தடவினார். கடைசியில்தான் ஜன்னல் பக்கம் திரும்பி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "வெளிச்சம் தாளுக்க மேல நிக்கப்பிடாது. உள்ள போவணும், போயிட்டுத் திரும்பி வரணும். இது வருது" என்று எடுத்துக் கொடுத்தது போட்டோ ராக் பரைட்டா.

நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் சொன்னது தவறு என்பதால் அல்ல. அவர் கையில் வைத்துப் பார்த்தார். அக்காவின் படமோ கண்ணாடிக்குப் பின்னால், ஆறடி தூரத்தில், இரண்டு பழைய படங்களுக்கு நடுவில் இருக்கப்போகிறது. கண்ணாடி போட்டதும் மேற்பரப்பின் நெளிவில் பெரும்பகுதி மறைந்துவிடும். மூன்று துண்டுகளையும் ஒரே கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது நெளிவில் வித்தியாசமே தெரியவில்லை. தெரிந்தது வெள்ளையின் நிறம் மட்டும்தான். அதில் பாட்டா படத்தின் பச்சரிசி நிறத்துக்கு மிக அருகில் வந்தது பிளாட்டீன். ஊதா விளக்கிலும் அது மங்கியே கிடந்தது. ஆல்பத்தில் ஒட்டி, கையில் எடுத்துப் பார்க்கிற படமாக இருந்தால் அண்ணாச்சியின் தேர்வுதான் என் தேர்வும். படம் எங்கே இருக்கப்போகிறது என்பதை முதலிலேயே கேட்டிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

மையும் மழையும்

சாம்பலில் நிறம் ஏறும் பிரச்சினைக்கு என் பிரிண்டரால் தீர்வு இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு நண்பரிடம் பத்து மை பிக்மென்ட் (நுண்ணிய நிறத்துகள் மை) பிரிண்டர் இருக்கிறது. அதில் கறுப்பே மூன்று அடர்த்திகளில் உண்டு, சாம்பலுக்கு வண்ண மையைச் சார்ந்திருக்கத் தேவையில்லை. பிளாக் அண்ட் ஒயிட்டுக்கென்றே தனி முறை இருக்கிறது, அதில் கொஞ்சம் பழுப்புப் பக்கம் தள்ளிவைத்தோம். இந்த வகைத் தாளுக்கு போட்டோ பிளாக் மைதான் போட வேண்டும். மேட் பிளாக் போட்டால் மேலேயே நின்று கையில் ஒட்டும்.

பிக்மென்ட் மைக்கு ஒரு குறை உண்டு. மை விழுந்த இடம் ஒரு மினுக்கத்திலும், மையே விழாத சுத்த வெள்ளை இன்னொரு மினுக்கத்திலும் தெரியும். சாய்த்தால் மாப்பிள்ளையின் சட்டைக் காலர் திட்டுத்திட்டாக இருந்தது. சுத்த வெள்ளையை, கணினியின் 0 முதல் 255 வரையான வெளிச்ச அளவில், 255இலிருந்து 248க்கு இறக்கினேன், எல்லா இடத்திலும் துளியாவது மை விழட்டும் என்று. திட்டு மறைந்தது. அதே துளி மையில் இன்னும் கொஞ்சம் கிரீமும் ஏறிவிட்டது. மூக்குத்திக் கல்லை மட்டும் 255லேயே விட்டேன், அந்தப் பொட்டு வெளிச்சம் இல்லாவிட்டால் முகம் உறங்கிவிடுகிறது.

இதற்குள் ஜூன் வந்து மழை பிடித்துக்கொண்டது. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் தாளைக் கொண்டுபோனேன். கட்டு பிரித்து வெளியே வைத்த முழு ஷீட், ஒரு மணி நேரத்தில் அப்பளம் போல ஓரம் தூக்கிக்கொண்டது. பருத்தி ஈரத்தைக் குடிக்கும், மேலே பூச்சு இருக்கிற பக்கம் அவ்வளவு குடிக்காது, இரண்டும் இழுத்துக்கொண்டு வளைகிறது. அதைக் கவனிக்காமல் உள்ளே விட்டோம். பிரிண்டர் ஹெட் ஓரத்தில் உரசி, மணப்பெண்ணின் சேலைக்கரையில் கறுப்பாக ஒரு இழுவை விழுந்தது. ஒரு ஷீட் போச்சு. அது என் அவசரம்.

மறுமுறை ஏசி போட்ட அறையில் ஷீட்டை முதல் நாள் இரவே, இரண்டு கனமான அட்டைகளுக்கு நடுவே பாரம் வைத்துப் படுக்கவைத்தோம். பிரிண்டரில் ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை ஒரு படி கூட்டி, பின்பக்கமாக ஒவ்வொரு ஷீட்டாகக் கொடுத்தோம். சுத்தமாக வந்தது. கடலோரத்தில் கடை வைத்திருப்பவர்கள் மீதித் தாளைச் சிலிக்கா ஜெல் பையோடு அதன் உறையிலேயே இட்டு ஒட்டி, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். நான் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வந்த பிரிண்ட்டை உடனே சட்டத்தில் போடக் கூடாது. மையிலிருந்து ஆவியாகும் பொருள் சில நாள் வந்துகொண்டே இருக்கும், கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடித்தது போல மங்கும். மேலே சாதாரண வெள்ளைத் தாள் விரித்து, தினமும் மாற்றி, ஐந்து நாள் வைத்தேன். சட்டத்தின் உதட்டுக்கு அடியில் மறையும்படி மவுண்ட் போர்டில் மெல்லிய பட்டை வெட்டி நான்கு பக்கமும் கொடுத்தேன், படம் கண்ணாடியைத் தொடாது. பாட்டா படத்துக்கு நடந்தது இதற்கு நடக்கக் கூடாது. கரையான் ஏறிய பழைய பின்பலகையை எடுத்துவிட்டேன்.

சுவரில்

மாட்டியது ஒரு மாலை நேரம். கதவு வழியாகச் சாய்வாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. குளச்சலிலிருந்து சித்தியும் வந்திருந்தார். அவர் நேராகப் போய், தன் அக்காவான மணப்பெண்ணின் கழுத்தைப் பார்த்து, "அக்காவுக்க சங்கிலி. இது எனக்க கல்யாணத்துக்கு அழிச்சாச்சு" என்றார். அதன் பிறகு இரண்டு பேரும் சங்கிலியைப் பற்றியும், அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதைப் பற்றியும் பேசத் தொடங்கிவிட்டார்கள். தாளைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

வித்தியாசம் எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். டியூப் லைட்டில் மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கின்றன. ஆனால் சாய்வு வெளிச்சத்தில் பழைய இரண்டின் ஓரங்களிலும் வெள்ளி மின்னுகிறது, நடுப்படத்தில் அது இல்லை. அதை மையால் போலியாக வரைய எனக்கு மனம் வரவில்லை. அது அந்தப் படங்களுக்கு ஐம்பது வருடத்தில் வந்தது. போட்டோ எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் செய்தார். "கறுப்பு நல்லாருக்கு மக்கா. நடுவுல உள்ளதுல வெள்ளி ஏறல்ல, அதான் கண்டுபிடிச்சேன்."

குளச்சல் சித்தி தன் ஆல்பத்திலிருந்து இன்னும் நான்கு படம் கொடுத்தனுப்பியிருக்கிறார், மூன்று மகள்களுக்கும் ஆளுக்கொரு பிரதி வேண்டுமாம். அவை கையில் எடுத்துப் பார்க்கிற படங்கள். மழை விட்டதும் போட்டோ ராக் பரைட்டாவில் போடப்போகிறேன்.